இறுகும் காலம்

2042 மே 6, செவ்வாய்க்கிழமை. நாமக்கல் பரமத்தி சாலையில் உள்ள ஒரு பல் மருத்துவமனைக்குக் காலை முதல் மாலை வரை ஆறு மாணவிகள் வந்தார்கள். ஆறு பேரும் ஏரிமேட்டுப் பள்ளியின் விடுதியில் தங்கிப் பதினொன்றாம் வகுப்பு முடித்தவர்கள். ஐந்து பேருக்குக் கீழ்ப்பல் வரிசை வலப்பக்கமாக நகர்ந்திருந்தது. ஒருத்திக்கு இடப்பக்கமாக.

நான்காவதாக வந்தவள் சஷ்விகா. உடன் அவளுடைய அப்பா பூபதி வந்திருந்தார். புதன்சந்தைப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். பண்ணையிலிருந்து நேராக வந்ததால் சட்டைக் கையில் தீவனத் தூசி ஒட்டியிருந்தது. மருத்துவர் ஷாகிரா எதுவும் கேட்பதற்கு முன்பே கைபேசியை எடுத்துப் போன வருடப் படம் ஒன்றைக் காட்டினார். சிகிச்சை முடிந்த அன்று இதே அறையில் எடுத்தது. படத்தில் சஷ்விகா சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு பல்கூட முன்னே பின்னே இல்லை.

"இது எங்கீங்க போச்சு?" என்று கேட்டார் பூபதி. சண்டைக்கு வந்த குரலாக இல்லை. கைக்கெட்டும் இடத்தில் வைத்த பொருளைக் காணாமல் தேடுகிறவரின் குரலாக இருந்தது.

மெழுகு ஊசி வந்து அப்போது ஆறேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கு நீளமான வேதிப்பெயர் ஒன்று உண்டு. மருத்துவர்களே அதைச் சொல்வதில்லை. பல்லைச் சுற்றியுள்ள எலும்பை அந்த மருந்து மெழுகுபோல இளக்கிவிடும். முன்பெல்லாம் கம்பி கட்டி இரண்டு வருடம் இழுத்துக்கொண்டிருந்த வேலை மூன்று வாரத்தில் முடிந்தது. ஆனால் இளகிய எலும்பு மறுபடி முழுதாக இறுகப் பதினொரு மாதம் ஆகும். அதுவரை ரிட்டெய்னர் என்ற மெல்லிய உறையைப் பல்வரிசையின் மேல் மாட்டியிருக்க வேண்டும். இன்னொரு வரம்பும் உண்டு. பதினேழு வயது முடிந்துவிட்டால் எலும்பு இந்த ஊசிக்கு இளகாது.

இந்த வட்டாரத்துப் பெற்றோருக்கு மூன்று வாரம் என்ற கணக்கு மிகவும் பிடித்துப்போனது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து, பிள்ளையை விடுதியில் கொண்டுபோய் விடுவதற்குள் வரும் விடுமுறையில் பல்லை முடித்துவிடலாம். பிறகு பிள்ளை படித்துக்கொண்டிருக்கும், பல் தன்பாட்டுக்கு இறுகிக்கொண்டிருக்கும். விடுதிக்கு மெத்தை, வாளி, பூட்டு வாங்கும் வாரத்தில் பல்லும் சேர்ந்துகொண்டது. மே மாதம் ஷாகிராவின் மருத்துவமனையில் உட்கார இடம் கிடைக்காது.

சஷ்விகா வாயைத் திறந்தாள். மேல்வரிசை பெரும்பாலும் நன்றாகத்தான் இருந்தது. கீழ்வரிசை மொத்தமாக வலப்பக்கம் தள்ளியிருந்தது. பல்லைக் கடித்தால் ஒரு பக்கம் மட்டும் முட்டியது. மறுபக்கம் இடைவெளி. சிரித்தால் உதடு ஒரு ஓரமாக ஏறியது. அதனால் அவள் கையால் வாயை மூடிச் சிரிக்கப் பழகியிருந்தாள். விடுமுறைக்கு வந்த முதல் வாரத்திலேயே சித்தி ஒருத்தி, "என்ன அம்முணி, யாரையோ பாத்து நக்கலடிக்கற?" என்று கேட்டதற்கு அழுதுவிட்டாள் என்றார் பூபதி. சித்தி வேடிக்கைக்குத்தான் கேட்டிருக்கிறாள்.

ரிட்டெய்னரை மாட்டினாயா என்பது ஷாகிராவின் முதல் கேள்வி. காலையில் வந்த மூன்று பேரிடமும் கேட்ட கேள்வி. பதிலும் அதேதான் வந்தது. ரிட்டெய்னரின் ஓரத்தில் கடுகளவு பச்சை விளக்கு ஒன்று இருக்கும். சரியாக மாட்டினால் எரியும். விளக்கு எரிந்தால் அது மின்னணுச் சாதனம். மின்னணுச் சாதனம் எதற்கும் விடுதியில் அனுமதி இல்லை. சேர்ந்த அன்றே விடுதிக் காப்பாளர் எல்லாவற்றையும் பெயர் ஒட்டிய டப்பாக்களில் வாங்கி டிரங்குப் பெட்டியில் பூட்டிவிட்டார். மாதம் ஒரு ஞாயிறு பெற்றோர் பார்க்க வரும்போது காலையில் எடுத்துக் கொடுப்பார். மாலையில் திரும்ப வாங்கிக்கொள்வார்.

"வர்றப்பெல்லாம் பச்சை லைட்டு எரிஞ்சுதேங்க. நாம்பாட்டுக்கு மாட்டிக்கிட்டுத்தான் இருக்கறான்னு..." பூபதி பாதியில் நிறுத்தி மகளைப் பார்த்தார். "ஏங் கண்ணு, சொல்லியிருக்கலாமில்ல?"

"எல்லாரும் குடுத்தாங்க. நானும் குடுத்தேன்."

ஷாகிராவுக்குக் குழப்பம் அதில் இல்லை. ரிட்டெய்னரை மாட்டாவிட்டால் பல் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். சஷ்விகாவுக்கு முன்பு இருந்தது மேலே ஒரு தெத்துப்பல். அது திரும்பவில்லை. காலையில் வந்தவர்களில் ஒருத்திக்கு முன்பற்களுக்கு நடுவில் சந்து, இன்னொருத்திக்குப் பல் நெருக்கம். அவையும் திரும்பவில்லை. வேறு வேறு கோணல்களோடு வந்த பிள்ளைகள் ஒரே கோணலோடு திரும்பியிருந்தார்கள். மூன்றாவதாக வந்த பிரணிதாவுக்கு மட்டும் அதே கோணல், கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாறி. தண்ணீரா, சாப்பாடா, மருந்தின் குறையா என்று அவர் காலையிலிருந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தார். எல்லாமே பிரணிதாவின் மாறிய கோணலில் வந்து முட்டி நின்றன.

பெண்ணின் படிப்பு எப்படி என்று பேச்சுக்குக் கேட்டார். பூபதியின் முகம் மாறியது.

"அதுல குறையே சொல்ல முடியாதுங்க. ராத்திரிப் படிப்புல தூங்கி விழுந்தா நமக்குப் போன்ல வந்துருமுங்க, இன்னைக்கு இத்தனை வாட்டின்னு. இவளுக்கு வருசம் பூராவும் பூஜ்யம். முட்டை லாரி டிரைவருக்கெல்லாம் காட்டியிருக்கறனுங்க."

சஷ்விகா தரையைப் பார்த்தாள்.

தாடையைப் படம் எடுக்கும் நாற்காலி சாய்வானது. கருவி தலையைச் சுற்றி வருவதற்குச் சில நிமிடங்கள் ஆகும். உட்கார்ந்த உடனேயே சஷ்விகா தூங்கிவிட்டாள். காலையில் வந்த மூன்று பேரும் அதில் தூங்கியிருந்தார்கள். நாற்காலி வசதியாக இருக்கிறதுபோல என்று உதவியாளர் செல்வி சொல்லிச் சிரித்திருந்தாள். இந்த முறை கருவி பாதியில் நின்றது. குறுக்கே ஏதோ இருக்கிறது என்று காட்டியது.

ஷாகிரா போய்ப் பார்த்தார். சஷ்விகாவின் இடது கை மேலே வந்திருந்தது. விரல்கள் மடங்கி முஷ்டியாகி, தாடையின் இடது எலும்புக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்தன. செல்வி அந்தக் கையை மெல்ல எடுத்து மடியில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அது மறுபடி எழுந்து அதே இடத்துக்குப் போனது. பெண் விழிக்கவில்லை.

ஷாகிரா பூபதியை உள்ளே அழைத்துக் காட்டினார். பிறகு எழுப்பினார்கள்.

"நீ எந்தக் கையால எழுதுவ?" என்று கேட்டார் ஷாகிரா.

"ரைட்டு மேடம்."

"பிரணிதா?"

"லெஃப்டு. அவ பேரே எங்களுக்கு மறந்துபோச்சு, லெஃப்டுன்னுதான் கூப்புடுவோம்." அவள் தன் கை இருக்கும் இடத்தைக் கவனித்து அதைக் கீழே இறக்கினாள்.

மீதியை அவளே சொன்னாள். இரவுப் படிப்பு அறையில் ஒவ்வொரு வரிசைக்கும் மேலே ஒரு கேமரா. தலை கவிழ்ந்தால் அது எண்ணும். முன்னால் இருக்கும் பலகையில் பெயர் வரும். எழுந்து நிற்க வேண்டும். அப்பா கைபேசிக்கும் செய்தி போகும். அவள் சேர்வதற்கு ஓரிரு மாதம் முன்புதான் கேமரா வந்திருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு அக்காமார் முதல் வாரமே வழி சொல்லிக் கொடுத்தார்கள். எழுதாத கையைத் தாடைக்குக் கொடு.

"கை குடுத்தா தூக்கம் வராதா?"

"வரும் மேடம். தலை மட்டும் கவுறாது."

ஈர சிமெண்டில் ஒரே இடத்தில் தினமும் கால் வைத்த மாதிரிதான் என்று ஷாகிரா பூபதிக்கு விளக்கினார். ஒரு நாள் அழுத்தினால் ஒன்றுமில்லை. எலும்பு இளகியிருந்த மாதங்கள் முழுக்க, ஒரே பக்கமாக, தலையின் பாரம் மொத்தமும் முஷ்டியில் இறங்கியிருக்கிறது. பல் ஒதுங்கிப்போய், ஒதுங்கிய இடத்திலேயே இறுகிவிட்டது.

பூபதி கைபேசியைத் திறந்து பள்ளியிலிருந்து வந்த செய்திகளை விரலால் தள்ளிக்கொண்டே போனார். பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்.

"யாரு மேலீங்க கோவப்படறது?" என்றார் கடைசியில்.

"தெரியல சார். ஊசி போட்டவ நான். விடுதிக்குப் போற பிள்ளைன்னு தெரிஞ்சுதான் போட்டேன். என்னையும் சேத்துக்கங்க."

ஆகஸ்ட் 9ஆம் தேதி சஷ்விகாவுக்குப் பதினேழு முடிகிறது. அதற்குள் இன்னொரு ஊசி போடலாம். பல்லைத் திரும்ப நேராக்கலாம். பிறகு மறுபடி பதினொரு மாதம் இறுக வேண்டும். அந்த மாதங்களில் அவள் அதே பெஞ்சில் அதே கேமராவுக்குக் கீழ் உட்காருவதாக இருந்தால் தான் ஊசி போடப்போவதில்லை என்றார் ஷாகிரா. பன்னிரண்டாம் வகுப்புக்கு வேறு பள்ளியில் யார் சேர்ப்பார்கள் என்று கேட்டார் பூபதி. ஏரிமேட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் பாதியைப் பதினொன்றிலேயே நடத்தியிருந்தார்கள். படிப்பா, வாயா என்று அவருக்குத் தெரிந்த கணக்கில் போட்டுப் பார்த்தார்.

வீட்டில் அந்தச் சிரிப்புப் படம் பெரிதாக்கப்பட்டு ஹாலில் மாட்டியிருந்தது. சஷ்விகாவின் அம்மா மேகலா அதைக் கழற்றப் போனாள். இருக்கட்டும் என்றாள் சஷ்விகா. பிறகு தானே அதன் முன் போய் நின்று பார்த்தாள். சிகிச்சை முடிந்தபின் அந்த முகம் வீட்டில் மூன்று வாரம்தான் இருந்தது. விடுதியில் அதைக் கண்ணாடியில் பார்க்கவும் நேரம் கிடைக்கவில்லை. அதை இழந்துவிட்டோமா, அது தன்னுடையதாக இருந்ததே இல்லையா என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை. வலது கையை முஷ்டியாக்கி வலப்பக்கத் தாடையில் அழுத்திப் பார்த்தாள். இறுகிவிட்ட எலும்பு அசையவில்லை.

அன்று இரவு மகள் பக்கத்தில் படுத்த மேகலா அவளுடைய இடது கையைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டே தூங்கிப் பார்த்தாள். காலையில் அது தாடைக்குப் போயிருந்தது.

அன்று கணவன் மனைவிக்குள் வாக்குவாதம். பிள்ளையைச் சேர்க்கும்போது கேமரா வேண்டும் என்று கையெழுத்துப் போட்டவர்களில் நீயும் ஒருத்தி என்றார் பூபதி. மேகலா மறுக்கவில்லை.

"ஆமா, போட்டேன். நீங்க பண்ணையில கோழிக்குக்கூட ராத்திரி எட்டு மணி நேரம் லைட்டை அணைக்கறீங்க. எதுக்கு?"

"அணைக்காட்டி கோழி சோந்துரும், முட்டை கொறஞ்சுரும்."

"அது தெரியுது உங்களுக்கு" என்றாள் மேகலா.

பூபதி மறுநாள் பள்ளிக்குப் போனார். தாளாளர் சதாசிவம் அவரை உட்காரவைத்து, மோர் வரவழைத்து, முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. படங்களைப் பார்த்து உண்மையிலேயே வருத்தப்பட்டார். பூபதி கேட்டது ஒன்றுதான்: ஒரு வருடத்துக்குத் தன் பெண்ணை மட்டும் கேமரா எண்ணாமல் விட வேண்டும்.

"ஒருத்தரை விட்டா அறுநூறு பேரு கேப்பாங்க பூபதி. சரி, மொத்தமா எடுத்துர்றேன்னு வைங்க. அடுத்த வருசம் அட்மிஷனுக்கு வர்றவங்க முதல்ல கேக்கறதே அதைத்தான். நீங்க கேக்கலையா?"

பூபதி கேட்டிருந்தார்.

ஏதாவது செய்கிறேன் என்று சொல்லி அனுப்பினார் சதாசிவம். செய்யவும் செய்தார். பத்துப் பதினைந்து நாளில் பூபதிக்குப் போன் வந்தது. அடுத்த நாள் அவர் மகளுடன் மருத்துவமனைக்கு வந்தபோது கையில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. நடை வேகமாக இருந்தது. பெட்டிக்குள் மேசை விளிம்பில் திருகி மாட்டக்கூடிய ஒரு தாங்கி. மேலே குதிரை லாடம்போல வளைந்த மெத்தை. கோயம்புத்தூரில் செய்தது. ஜூன் முதல் ஒவ்வொரு மேசைக்கும் ஒன்று. தாடையை அதில் வைத்துவிட்டால் இரண்டு கையும் சும்மா இருக்கும். ரிட்டெய்னருக்கும் இனி அனுமதி உண்டு.

"நாம போய்க் கேட்டதாலீங்க டாக்டரம்மா. எல்லாப் புள்ளைகளுக்கும்" என்றார். குரலில் பெருமை இருந்தது. நியாயமான பெருமைதான்.

ஷாகிரா தாங்கியைத் தன் மேசையில் மாட்டிக் குனிந்து தாடையை வைத்துப் பார்த்தார். அளவு பார்க்கும் கருவியை இரண்டு பக்கமும் செருகிப் பார்த்தார். ஒரே அழுத்தம். இதில் எத்தனை மணி நேரம் தலையை வைத்திருந்தாலும் பல் ஒரு பக்கமாகப் போக வழி இல்லை. அவர் போட்ட நிபந்தனை பெஞ்சைப் பற்றியது. பெஞ்சைச் சரிசெய்துவிட்டார்கள். ஊசி போட மறுக்கப் பல் மருத்துவத்தில் காரணம் எதுவும் அவரிடம் மிச்சமில்லை. ஏதோ தவறு இருப்பதாகப் பட்டது. அதைச் சொல்ல அவருக்கு வாக்கியம் கிடைக்கவில்லை.

பதினாறு வயது முடிந்தவர்களிடம் சம்மதத்தைத் தனியாகக் கேட்க வேண்டும் என்பது விதி. பூபதி வெளியே போய் உட்கார்ந்தார்.

சஷ்விகா தாங்கியில் தாடையை வைத்தாள். கண்ணை மூடித் திறந்தாள்.

"நல்லாருக்கு மேடம். கை வலிக்காது. இதுல எவ்ளோ நேரம் வேணா தூங்கலாம், யாருக்கும் தெரியாது."

ஷாகிரா தாங்கியின் திருகைத் தளர்த்தினார்.

"இந்தத் தடவ பல்லு நேரா நின்னுருமா?"

"நின்னுரும்."

"வேண்டாம் மேடம்."

இந்தப் பதிலை ஷாகிரா எதிர்பார்க்கவில்லை. ஆகஸ்டுக்குப் பிறகு மாற்ற முடியாது என்று எடுத்துச் சொன்னார். மெல்லுவது ஒரு பக்கமாகவே இருக்கும், நாற்பது வயதில் தாடை மூட்டு வலிக்கும், சிரிப்பு இப்படியேதான் இருக்கும் என்றார். எல்லாவற்றுக்கும் அவள் தலையாட்டினாள்.

"எனக்குப் பிடிக்கலதான் மேடம், இந்த வாயி. கண்ணாடியப் பாத்தா அழுகையா வருது. ஆனா நேரா நின்னுட்டா அங்க ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆயிரும்." கொஞ்சம் யோசித்தாள். "எனக்கே மறந்துரும்."

"உறுதியாத்தான் சொல்றியா?"

"இல்ல மேடம். உறுதியெல்லாம் இல்ல."

உறுதி இல்லை என்றால் சம்மதம் இல்லை என்றுதான் எழுத வேண்டும். ஷாகிரா அப்படியே எழுதினார்.

கேட்டதும் பூபதிக்கு எதுவும் புரியவில்லை. ஊசி வலிக்குப் பயந்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தார். வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி, வேறு என்ன செய்யட்டும் என்று மகளிடம் கேட்டார். தெரியவில்லை என்றாள். சில நாட்கள் அவர் அவளோடு பேசவில்லை. பிறகு பேசினார்.

ஜூனில் பள்ளி திறந்தது. ஒவ்வொரு மேசையிலும் தாங்கி இருந்தது. நகரப் பேருந்துகளின் பின்பக்க விளம்பரத்தில் அதன் படம் வந்தது. பல்வரிசைக்கும் பாதுகாப்பு என்று கீழே எழுதியிருந்தார்கள். மற்ற ஐந்து பேரும் ஊசி போட்டுக்கொண்டு விடுதிக்குத் திரும்பினார்கள். சஷ்விகாவும் போனாள். அவளுடைய மேசையிலும் ஒன்று மாட்டியிருந்தது. அவள் அதைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டு, இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்து படித்தாள்.

முதல் வாரச் செய்திகளில் பூஜ்யம் வந்தது. இரண்டாவது வாரம் ஒரு நாள் நான்கு என்று வந்தது. பூபதி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். எவ்வளவு என்று கேட்டாள் மேகலா. சொன்னார்.

"தூங்கியிருக்கறா" என்றாள் மேகலா.

பூபதி விடுதிக்குப் போன் செய்யவில்லை. மறுநாள் ஆறு. அதற்குப் பிறகு அவர் அந்தச் செய்திகளைத் திறப்பதை நிறுத்திவிட்டார். ஆகஸ்ட் 9 கடந்தது. அந்த மாதக் கடைசியில் சஷ்விகா முதல் பிரிவிலிருந்து கடைசிப் பிரிவுக்கு மாற்றப்பட்டாள்.

2043 மே மாதம் ஐந்து பேரும் பரிசோதனைக்கு வந்தார்கள். ஐந்து பேருக்கும் பல்வரிசை நேராக இருந்தது. படம் எடுக்கும் நாற்காலியில் ஐந்து பேரும் தூங்கினார்கள். யாருடைய கையும் எழவில்லை. தாங்கியில் வைத்ததுபோல, ஒருவர் தலையும் சாயவில்லை. படங்கள் முதல் முறையிலேயே தெளிவாக வந்தன.

சஷ்விகா அதே வாரம் கடைவாய்ப் பல் வலி என்று வந்தாள். அவளும் தூங்கினாள். கை மடியிலேயே கிடந்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டதால் படத்தை இரண்டாவது முறை எடுக்க வேண்டியிருந்தது.